மீத்தேன்காரி மகளின் காதுகுத்து

1

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆய்வுக்கூடத்தில் கையுறையைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தேன். வள்ளியின் பள்ளிக்கூடத்திலிருந்து உடற்பயிற்சி ஆசிரியை. வேலை நேரத்தில் பள்ளியிலிருந்து போன் வந்தால் இந்த ஜெர்மன் ஊரில் காரணம் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும். இல்லையென்றால் ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். இரண்டில் எது இவர்களுக்குப் பெரிய விஷயம் என்று இத்தனை வருஷம் இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு இரண்டும் இல்லை. "உங்கள் மகள் தோட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். உடற்பயிற்சி வகுப்பில் நகை கூடாது என்பது விதி. ஏன் கழற்ற மாட்டாய் என்று கேட்டால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். எனக்குப் புரியவில்லை. மதம் சம்பந்தப்பட்ட சொல்லா? அப்படியென்றால் அதற்குத் தனியாக ஒரு படிவம் இருக்கிறது" என்றார்.

என்ன சொல் என்று கேட்டேன். அந்த அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக உருட்டி, "தூண்... டு... ரூம்" என்றார்.

தூந்துரும்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பையன் பயந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வள்ளி இங்கேயே, வடக்கு ஜெர்மனியில் பிறந்தவள். ஏழு வயது. எங்கள் ஊர் இலஞ்சிக் குமாரன் கோயில் நினைவாக ஆசை ஆசையாக வைத்த பெயர். இவர்களுக்கோ அந்த ஆங்கில 'வி' எழுத்தைப் பார்த்தால் வாயில் 'ஃப' வந்துவிடும். ஆஸ்பத்திரி வரவேற்பில், பள்ளியில், அரசு அலுவலகத்தில் எல்லா இடத்திலும் என் பிள்ளை 'ஃபல்லி'. போனில் ஒருமுறை இதை என் அண்ணன் கேட்டுவிட்டு, "முருகனுக்குப் பக்கத்துல நிக்கவேண்டியவளை அங்கன கொண்டுபோய் சுவத்துல ஒட்ட வச்சுட்டியேட்டி" என்று வருத்தப்பட்டான்.

வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். தமிழ் வந்தாலும் வினைச்சொல் இடம் மாறி நிற்கும். அப்படிப்பட்டவள் ஒரு வெள்ளைக்கார ஆசிரியையை எதிர்த்து நின்று தென்காசிப் பக்கத்துச் சொல் ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது என் அண்ணன் காசி. இந்தக் கோடை விடுமுறையில் அவன் அதைச் சொல்ல இடமே இல்லாமல் போக இருந்தது. எல்லாம் மீத்தேன் செய்த வேலை.

2

என் வேலையைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். இங்கே ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதில் பெரும்பங்கு மீத்தேன்தான். ஒரு கரி அணு, அதைப் பிடித்துக்கொண்டு நாலு ஹைட்ரஜன் அணுக்கள். யுரேனஸ், நெப்டியூன் என்று சூரியனுக்கு வெகுதொலைவில் இரண்டு பெரிய கோள்கள் உண்டு. அவை நீலமாகத் தெரிவதில் மேல்பரப்பில் இருக்கும் மீத்தேனுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. அதே மீத்தேன் அந்தக் கோள்களின் வயிற்றுக்குள், நம்மால் நினைத்துப் பார்க்கவே முடியாத அழுத்தத்திலும் சூட்டிலும் கிடக்கும்போது என்ன ஆகிறது? இதுதான் எங்கள் கேள்வி. போய்ப் பார்க்க வழியில்லை. அதனால் இங்கேயே நசுக்கிப் பார்க்கிறோம்.

நசுக்குவதற்கு வைரம். தோட்டில் பதிக்கிற கல் அளவில் இரண்டு வைரங்கள், முனைக்கு முனை எதிராக. நடுவில் மெல்லிய உலோகத் தகடு. தகட்டின் நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒரு துளை. அந்தத் துளைக்குள் மீத்தேனை அடைத்துத் திருகாணியைக் கையால் மெல்ல மெல்லத் திருக வேண்டியதுதான். முனை அவ்வளவு சின்னது என்பதால் அழுத்தம் பிரமாண்டமாக ஏறும். பிறகு வைரத்தின் வழியாகவே லேசரை விட்டுச் சுடவைத்து, எக்ஸ்ரேயைப் பாய்ச்சி உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

ஓரளவு அழுத்தம் வரை மீத்தேன் மீத்தேனாகவே கெட்டியாகிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும். சூடும் சேர்ந்து ஏறினால் ஹைட்ரஜன் கழன்றுகொள்ளும். தனியான கரி அணு பக்கத்துக் கரியின் கையைப் பிடிக்கும். முதலில் இரண்டு இரண்டாக, பிறகு சங்கிலியாக. இன்னும் கடுமையான நிலையில் கரி எல்லாம் ஒன்றாகி வைரமாகிவிடும். நெப்டியூனின் ஆழத்தில் இப்படி உண்டாகும் வைரத்துகள்கள் மழையாக உள்ளே இறங்கலாம் என்று ஒரு கணிப்பு இருக்கிறது. கண்ணால் கண்டவர் யாரும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை, வைரத்தால் நசுக்கி உள்ளே வைரம் வந்திருக்கிறதா என்று தேடுவது. தெரிவது புதிதாகப் பிறந்த வைரமா, நசுக்குகிற வைரமேதானா என்று எங்களுக்குள் சண்டையே நடக்கும். கழன்றுகொண்ட ஹைட்ரஜனும் சும்மா இராது, சில சமயம் வைரத்துக்குள் புகுந்து விரிசல் விடவைக்கும். அப்படி ஒரு வைரம் உடைந்த அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

3

இந்த ஜூலையில் வள்ளியைக் கூட்டிக்கொண்டு இலஞ்சிக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. போனது காதுகுத்துக்காக. ஏழு வயது வரை தள்ளிப்போட்டதற்குக் காரணம், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமனோ இலஞ்சியில் வயலை விட்டு நகரமாட்டான், வள்ளியோடு ஊருக்குப் போக எனக்கும் இத்தனை வருஷம் தோது அமையவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு ஊர் என்று மிச்சம் இருப்பது காசி அண்ணனும் கோமதி மதினியும்தான். வெள்ளிக்கிழமை காலையில் குமாரன் கோயிலில் முகூர்த்தம், ஆசாரிக்கும் சொல்லியாயிற்று.

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. கூடப்படித்த சிநேகிதி ஒருத்தி தென்காசியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். "வந்ததுதான் வந்தே, பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ" என்றாள். தமிழிலேயே பேச வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு. உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடினேன். தகட்டில் துளையிடுகிறோம். துளைக்குள் மீத்தேனை இறக்குகிறோம். அழுத்தம் கொடுக்கிறோம். மெயின் அருவியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெருக்கும்போது குடும்பத்தார் கை நழுவிப்போய்ப் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளைப் பிடித்துக்கொள்கிறோமே, கரி அணுவும் அப்படித்தான் என்று உதாரணமும் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. 'துளையிட்டு அழுத்தம் கொடுத்தால் மீத்தேன் வைரமாகும்: இலஞ்சிப் பெண் விஞ்ஞானி பேச்சு.' தகட்டைக் காணோம். நெப்டியூனையும் காணோம். இடம் போதவில்லையாம்.

நம் ஊரில் மீத்தேன் என்பது வேதியியல் சொல் இல்லை, போராட்டச் சொல். தஞ்சாவூர்ப் பக்கம் விளைநிலத்தில் துளையிட்டு மீத்தேன் எடுக்கப் பார்த்தபோது ஜனங்கள் கிளர்ந்தெழுந்தது எல்லாருக்கும் தெரியும். அப்போது இலஞ்சியிலிருந்து வேன் பிடித்துப் போய் அவர்களோடு வெயிலில் உட்கார்ந்தவர்களில் காசி அண்ணனும் ஒருவன். குளத்துப் பாசனச் சங்கத்தில் அவன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. நான் வழக்கம்போல அரைகுறை ஆங்கிலத்தில் பேசியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. நல்ல தமிழில் பேசித்தான் மாட்டிக்கொண்டேன்.

மதினிதான் முதலில் வந்து சொன்னாள். "ஏட்டி செம்பா, இது என்னட்டி? டீக்கடையில சத்தம் போட்டு வாசிச்சுக் காட்டுதாவளாம். 'காசி, ஒன் தங்கச்சி எந்த வயல்ல துளை போடப் போவுதா, ஒன் வயல்லயா என் வயல்லயா'ன்னு கேக்காவளாம். ஒங்க அண்ணன் காப்பிகூடக் குடிக்காம எந்திச்சு வந்துட்டாவ."

அண்ணன் உள்ளே வந்தான். நான் எதிரில்தான் நிற்கிறேன், ஆனாலும் மதினியைப் பார்த்தே பேசினான். "கோமதி, அவகிட்ட சொல்லு. மீத்தேன் வேண்டாம்னு அவ்வளவு தூரம் போய் உக்காந்தவன் நான். இப்ப என் கூடப்பொறந்தவளே துளை போடுதேன், அழுத்தம் கொடுக்கேன்னு மேடையில பேசுதா. சங்கத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"அண்ணே, அது வேற மீத்தேன்" என்றேன்.

"மீத்தேன்ல என்ன வேற மீத்தேன்? நாட்டு மீத்தேன், சீமை மீத்தேன்னு இருக்கா? கோமதி, நல்லா கேட்டுக்கோ. இது ஒரு முடிவுக்கு வராம நான் மடியில பிள்ளைய வச்சா, காசி மீத்தேனை மடியில வச்சுட்டான்னுதான் ஊரு சொல்லும்." மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வேறு யாராவது மடியில் வைத்தால் என்ன என்று மதினியிடம் கேட்டேன். "தாய்மாமன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையிலயா? வாயக் கழுவு" என்றாள்.

அன்று முழுக்க அண்ணன் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டைக்கூட வயலுக்கே கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டான். வள்ளி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மாமா இருக்காரா கோவமா என்மேல?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. இந்தக் காதுகுத்து நின்றுபோனால் அடுத்த வருஷம் நான் எந்த முகத்தோடு இந்த வீட்டுக்கு வருவேன்? குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கி, அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிப் போகிற வெளியூர்க்காரி ஆகிவிடுவேன். வள்ளிக்கு இந்த ஊரில் பிடித்துக்கொள்ள ஆளே இருக்காது.

4

வியாழக்கிழமை காலையில் நானே வயலுக்குப் போனேன். கல்லூரியில் காட்டுவதற்காக ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய தகடு கொண்டுவந்திருந்தேன். அதைச் சின்ன டப்பியோடு எடுத்துக்கொண்டேன்.

கார் பருவ நெல் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. அண்ணன் மடையைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். வரப்பில் நடந்து பழக்கம் விட்டுப்போய் நான் ஒருகால் சேற்றில் இறங்கிவிட்டேன். அதைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தான்.

"என்னட்டி?"

"என் மீத்தேன் கிணத்தைக் கொண்டாந்திருக்கேன். நீயே பாத்துக்கோ."

வாய்க்காலில் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு தகட்டை வாங்கினான். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. இப்படியும் அப்படியும் திருப்பினான். "இதுல எங்கன கிணறு?"

"நட்ட நடுவுல. வானத்துக்கு நேரா பிடி."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்திருக்க வேண்டும். "ஊசி குத்துன மாதிரி இருக்கு."

"அதுக்குள்ள ஊசியே போவாது அண்ணே. இதுதான் நான் போடுத துளை. ஆழம் இந்தத் தகட்டு கனந்தான்."

அவன் சும்மா விடுகிற ஆள் இல்லை. அதிகாரிகளைக் கேள்வி கேட்டுப் பழகியவன். "சரி, இதுல இருந்து எம்புட்டு மீத்தேன் எடுப்பிய?"

"எடுக்க மாட்டோம். நாங்கதான் இதுக்குள்ள அடைப்போம்."

"அடைப்பியளா? எங்கன இருந்து கொண்டாந்து?"

"சிலிண்டர்ல வாங்குவோம்."

அண்ணன் மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டான். "சிலிண்டர்ல வெலைக்கு வாங்கி, கிணத்துல ஊத்துத கூட்டம் ஒலகத்துலயே நீங்கதாண்டி." உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்கும்போது அவனுக்கு அப்படித்தான் ஆகும், சின்ன வயதிலிருந்தே. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

"அப்ப அந்த வைரம்?"

"அது நெப்டியூன்ல. சூரியனுக்கு வெகு தூரத்துல, கடைசியில இருக்குத கோள். அங்கன மீத்தேன் நசுங்கி என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இங்கன இம்புட்டுக்கோண்டு துளையில நசுக்கிப் பாக்கோம்."

"அங்கன வயக்காடு உண்டா?"

"தரையே கெடையாது."

"தரிசாக் கெடக்க ஒரு கரம்புகூடவா?"

"காலை ஊனி நிக்க இடம் கெடையாது அண்ணே. மேல இருந்து உள்ள வரைக்கும் வாயுவும் கொதிக்குத குழம்புந்தான்."

"பட்டா யாரு பேர்ல இருக்கு?"

"யாரு பேர்லயும் இல்ல."

அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். "தரையே இல்லாத ஊருக்காட்டி நான் சோறு எறங்காம கெடந்தேன்?" என்றான். பிறகு சிரித்தான் பாருங்கள், அடுத்த வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. சேற்றுக் காலோடு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அழுவாத. எந்தி. எனக்குத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. சங்கத்து ஆளுக சாயங்காலம் வருவாவ, நீயே வாயத் தொறந்து சொல்லணும்" என்றான். தகட்டை மட்டும் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

5

சாயங்காலம் சங்கத்துப் பெரியவர் சுப்பையா அண்ணாச்சி மூன்று பேரோடு வந்தார். மதினி காப்பி கொடுத்தாள். தகடு கைக்குக் கை போனது. சிலிண்டர் கதையை அண்ணனே என்னைவிட ருசியாகச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"இது நெப்டியூனு சங்கதி, சரிம்மா. நாளைக்கு இந்தப் படிப்பை வச்சுக்கிட்டு இங்கன யாரும் துளை போட வரமாட்டாவன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். அவர்கள் பயத்தில் தப்பே இல்லை, ஆளைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். "என் படிப்பு அதுக்கு ஒதவாது அண்ணாச்சி. பூமியிலேருந்து எடுக்குதது வேற வேலை, அதைச் செய்யுதவுக வேற. அவுக வரவே மாட்டாவன்னு என்னால சொல்ல முடியாது. வந்தா, நானும் லீவு போட்டு வந்து ஒங்ககூட உக்காருதேன்."

அவர் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "ஏ காசி, நாளைக்குக் காதுகுத்துக்குச் சாப்பாடு உண்டும்லா?" என்றார். மதினி அந்த நிமிஷமே அரிசி அளக்கக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் கோயிலில் அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வள்ளி அவன் மடியில். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஆசாரி ஒரு சொட்டு சந்தனம் வைத்து அடையாளம் பார்த்துவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோட்டின் கம்பியை இறக்கிவிட்டார். வள்ளி "அவ்வா!" என்று அலறினாள். வலித்தால் ஜெர்மன் பிள்ளைகள் அப்படித்தான் கத்தும். ஆசாரிக்கு அது எப்படித் தெரியும், அவருக்குத் தெரிந்த அவ்வா தெலுங்குப் பாட்டிதான். "பிள்ளை அவங்க அவ்வாவைத் தேடுதே. மாப்பிள்ளை வீடு தெலுங்கா?" என்று கேட்டார். கோயில் என்றும் பாராமல் எல்லாரும் சிரித்துவிட்டோம். என்ன ஏது என்று புரியாமல் வள்ளியும் அழுகையோடு சிரித்தாள். அந்தச் சந்தடியில் அடுத்த காதும் முடிந்துவிட்டது.

அண்ணன் குனிந்து இரண்டு காதையும் உற்றுப் பார்த்தான். சட்டைப் பையில் இருந்த தகட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அதையும் பார்த்தான். "ஏட்டி செம்பா, ஒன் மீத்தேன் கிணத்தைவிட இவ காதுத் துளை பெருசு" என்று சொல்லிவிட்டுத் தகட்டை என் கையில் கொடுத்தான்.

வள்ளியின் கன்னத்தைத் துடைத்துவிட்டு அவளுக்கும் ஒன்று சொன்னான். "தாயி, தோட்டைக் கழட்டிராத. கழட்டுனா தூந்துரும்."

"அது என்னது?"

"கிணறு வெட்டிட்டு அப்படியே போட்டுட்டா மண்ணு சரிஞ்சு மூடிரும்லா, அதுதான் தூந்து போறது. காதும் அப்படித்தான்."

"அம்மா கிணறு?"

"எந்தக் கிணறா இருந்தாலும் எறைச்சுக்கிட்டே இருந்தாத் தூராது" என்றான். அதைச் சொல்லும்போது அவன் பார்த்தது என்னை.

6

அந்தச் சொல்லைத்தான் உடற்பயிற்சி ஆசிரியை செவ்வாய்க்கிழமை என்னிடம் கேட்டார். மதச் சொல் இல்லை என்றேன். அப்படியென்றால் மருத்துவக் காரணமா, டாக்டர் சான்றிதழ் உண்டா என்றார். அதுவும் இல்லை. போட்ட துளையைச் சும்மா விட்டால் மூடிக்கொள்ளும் என்று பொருள், அவளுடைய மாமா மடியில் உட்காரவைத்துப் போட்ட துளை அது, அதனால் குடும்பக் காரணம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அதற்குப் படிவம் இல்லையே" என்றார். வகுப்பு இருக்கும் நாளில் தோட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புகிறேன் என்றேன். விதியில் அதற்கு இடம் இருந்தது. இருவருக்கும் நிம்மதி.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன். அங்கே வெயில் தாழ்ந்திருக்கும், அவன் வயலில்தான் இருந்தான். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்த அம்மாள் உருட்டி உருட்டிச் சொன்ன மாதிரியே சொல்லியும் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன், மண்வெட்டியைக் கீழே போடுகிற சத்தம்தான் வந்தது. கேட்கிறதா அண்ணே என்றேன்.

"கேக்கு, கேக்கு" என்றான். "வெள்ளக்காரிகிட்டயே நம்ம பேச்சுல சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"அப்ப சரி. இனி தூராது."